தனித்தட்டு வேண்டாம், தனி பிளேடு வேண்டும்: ஹெபடைட்டிஸ் பி பரவும் வழிகளும் வீட்டில் செய்ய வேண்டியவையும்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் முதலில் செய்வது கார்டு டெஸ்ட். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கார்டு. ஓரத்தில் இருக்கும் குழியில் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, சொட்டு சொட்டாக விட்டால் ஈரம் மெல்ல ஊறி ஏறும். ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே ஒரு ரோஸ் நிறக் கோடு எல்லோருக்கும் விழும். கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ‘டி’க்கு நேரே இன்னொரு கோடு விழுகிறதா என்றுதான் 15, 20 நிமிடம் காத்திருப்போம்.

அந்த இரண்டாவது கோடு விழுந்தவர்களில் அநேகம் பேர் நோய் என்று வந்தவர்களே இல்லை. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்த பையன், மூன்றாம் மாதச் செக்கப்புக்கு வந்த கர்ப்பிணி, ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுத்தவர், ரத்ததான முகாமில் படுத்து எழுந்து பிஸ்கட் சாப்பிட்டுப் போனவர். உடம்பில் ஒரு குறையும் தெரியாது.

அப்படி ஒரு பையனை வளைகுடா மெடிக்கலில் அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். “தட்டு, டம்ளர், சொம்பு எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டேன் தம்பி. பாய், தலகாணிகூடத் தனி. போதுமா?” என்று கேட்டார். பையன் பெஞ்சின் கடைசியில், யார் மேலும் படாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். நான் வேறு சில கேள்விகள் கேட்டேன். ஷேவிங் ரேசர்? அப்பாவுக்கும் அவனுக்கும் ஒன்றுதான், குளியலறை ஜன்னல் மேல் இருக்கும். நகவெட்டி? காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கும், வீட்டுக்கே அது ஒன்றுதான். அப்பாவுக்குச் சுகர், விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வீட்டில் இருக்கிறது, “சும்மா பாப்போமேன்னு” எல்லோரும் அதே பேனாவில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். தடுப்பூசி? யாரும் போட்டதில்லை.

அந்த வீட்டில் பிரித்து வைத்த எதுவுமே இந்த வைரஸ் போகிற வழி இல்லை. போகிற வழிகள் எல்லாம் திறந்தே கிடந்தன.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். நம் ஊரில் கண் மஞ்சளானால் எல்லாமே ‘மஞ்சள் காமாலை’. ஆனால் ஹெபடைட்டிஸ் ஏ-யும் ஈ-யும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. அவற்றுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, கை கழுவுவது எல்லாம் சரிதான். பி வேறு வைரஸ். அது ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் போகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், தண்ணீரில் வருகிற காமாலைக்குச் செய்கிற ஏற்பாட்டை இதற்கும் செய்துவிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்க 25 கோடியே 40 லட்சம் பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். அத்தனை வீடுகளில் எத்தனை தட்டுகள் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

1. ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

ரிப்போர்ட்டில் ‘ஹெச்.பி.எஸ்.ஏஜி’ என்று இருக்கும். வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம் அது. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது, மற்றவருக்குப் பரவ முடியும் என்று பொருள். சில டாக்டர்கள் இன்னும் சீட்டில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றே எழுதுவார்கள். பயந்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுதான். 1960களில் அமெரிக்க விஞ்ஞானி பரூச் பிளம்பெர்க் இதை ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியைத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

கார்டில் வந்ததை எலைசா என்கிற லேப் பரிசோதனையில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவாகவே இருந்தால் அது நாட்பட்ட தொற்று. பேச்சுவழக்கில் ‘கேரியர்’ என்பார்கள். ‘ஹெச்.பி.இ.ஏஜி’ என்கிற இன்னொரு வைரஸ் புரதம், வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) ஆகிய இரண்டும் வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதைக் காட்டும். மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய அவை வேண்டும். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது; ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுவது எல்லோருக்கும் தேவை.

‘ஆன்ட்டி ஹெச்.பி.எஸ்.’ பாசிட்டிவ் என்று வந்ததைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தவர்களை எனக்குத் தெரியும். அது நல்ல செய்தி. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். தடுப்பூசி போட்டவருக்கு அது பாசிட்டிவாக வரத்தான் வேண்டும்.

2. வைரஸ் போகிற வழி

ரத்தம், விந்து, பெண்ணின் பிறப்புறுப்புத் திரவம். இந்த மூன்றில் ஒன்று, இன்னொருவரின் தோல் வெட்டுப்பட்ட இடத்தையோ, உடம்பின் உள்பக்க மென்தோலையோ தொட வேண்டும். அப்போதுதான் தொற்றும். தொற்று தீவிரமாக உள்ள ஒருவரின் ஒரு மில்லி ரத்தத்தில் 100 கோடி வைரஸ்கூட இருக்கலாம். அதனால் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் தேவையே இல்லை. பிளேடு ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் துளி போதும். காய்ந்துபோனால் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்; இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். திங்கட்கிழமை அப்பா ஷேவ் செய்த ரேசரை ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தாலும் ஆபத்து இருக்கிறது.

ரத்தம் வழியாகக் காமாலை பரவுகிறது என்பதற்கான முதல் தடயம் வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு ரொம்ப காலம் முன்பே கிடைத்துவிட்டது. 1883-இல் ஜெர்மனியின் ப்ரெமென் நகரத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் 1,289 பேருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டார்கள். மனித உடலிலிருந்து எடுத்த நிணநீரில் செய்த மருந்து அது. பின்னர் அவர்களில் 191 பேருக்குக் காமாலை கண்டது. அப்புறம் ஸ்வீடன். 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் போட்டிக்காரர்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் வந்தது. முள்ளும் கிளையும் கிழித்த கால்களோடு ஓடி முடித்து, ஒரே பாத்திரத் தண்ணீரில் எல்லோரும் கால் கழுவியிருக்கிறார்கள். காலை மூடும் உடை கட்டாயம் என்று விதி வந்த பிறகுதான் நின்றது. ஊசியே இல்லாமல், வெறும் கீறலும் கழுவிய தண்ணீரும் போதுமாக இருந்திருக்கிறது.

எவற்றால் பரவாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றாகச் சாப்பிடுவது, ஒரே தட்டு, ஒரே டம்ளர், எச்சில் படக் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, கன்னத்தில் முத்தம், கைகுலுக்குவது, இருமல், தும்மல், கொசு, ஒரே கழிவறை, ஒரே கிணறு, நீச்சல் குளம். எதனாலும் வராது. எச்சிலில் வைரஸ் கொஞ்சம் இருக்கும்தான். அது தொற்றுவதற்கு ரத்தம் வரும்படி கடிக்க வேண்டும். பாசிட்டிவ் உள்ளவர் சமைக்கலாம், பரிமாறலாம், ஹோட்டலில் வேலை செய்யலாம், பள்ளிக்கூடம் போகலாம். அவர் சுட்ட தோசையை யாரும் சாப்பிடலாம்.

3. ‘எப்படி வந்தது?’ என்று குடைவதை நிறுத்துங்கள்

இதை ஒரு படியாகவே வைக்கிறேன். ரிப்போர்ட் வந்த வீட்டில் அன்று இரவே தொடங்குகிற முதல் விசாரணை இதுதான். “எங்கடா போய்ச் சுத்தினே?” என்று மகனிடமும், “கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?” என்று மருமகளிடமும். இந்தக் கேள்வியால் உடைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயதுக் கணக்கைப் பாருங்கள். பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ தொற்றினால், நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். ஐந்து வயதுக்குள் தொற்றினால் நூற்றில் 20 முதல் 50 பேருக்குத் தங்கும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். மற்றவர்களின் உடம்பே சில மாதங்களில் வைரஸை வெளியேற்றிவிடும். அப்படியானால் இன்று 25 வயதில் கேரியர் என்று தெரியவரும் பையனுக்கு அது எப்போது வந்திருக்கும்? அநேகமாக அம்மா வயிற்றிலிருந்து வெளியே வந்த நாளில், அல்லது சிரங்கும் சிராய்ப்புமாக அண்ணன் தம்பிகளோடு புரண்ட வயதில், அல்லது மாற்றாத ஊசி ஒன்றில். அவனுக்கும் அம்மாவுக்கும் யாருக்கும் தெரியாமல் நடந்தது அது. நாட்பட்ட தொற்றை வைத்து ஒருவரின் நடத்தையைத் தீர்மானிக்க எந்த டெஸ்ட்டாலும் முடியாது.

4. வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள், அதே நாளில் தடுப்பூசி போடுங்கள்

அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள், கூடவே இருக்கும் தாத்தா பாட்டி. மூன்று டெஸ்ட் கேளுங்கள்: ஹெச்.பி.எஸ்.ஏஜி, ஆன்ட்டி ஹெச்.பி.எஸ்., ஆன்ட்டி ஹெச்.பி.சி. முதலாவது இப்போது தொற்று உண்டா என்று சொல்லும். இரண்டாவது பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்லும். மூன்றாவது எப்போதாவது வைரஸ் உடம்புக்குள் வந்து போனதா என்று சொல்லும். தடுப்பூசியால் இது பாசிட்டிவ் ஆகாது.

ஒரு சின்ன விஷயம், டாக்டர்கள்கூடச் சொல்ல மறப்பது. தடுப்பூசி போட்ட முதல் மூன்று வாரத்துக்குள் ஹெச்.பி.எஸ்.ஏஜி பார்த்தால், ஊசியில் இருக்கும் புரதமே டெஸ்ட்டில் பாசிட்டிவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அதே நாளில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இன்னொரு ஊசி போட்டால் கெடுதல் எதுவும் இல்லை.

பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம். கையின் மேல்பகுதியில் போட வேண்டும். மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் மறந்துபோவார்கள். நடுவில் தாமதமாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். பாசிட்டிவ் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, மருத்துவமனை, லேப் ஊழியர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகியோர் மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்ட்டி ஹெச்.பி.எஸ். அளவு பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு உண்டு. வராதவருக்கு இன்னொரு சுற்று போடுவார்கள்.

5. குளியலறை அலமாரியைக் காலி செய்யுங்கள்

ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ரேசர், பிளேடு, டூத் பிரஷ், நாக்கு வழிக்கும் பட்டை, நகவெட்டி, காது குடைகிற ஊக்கு, முள் எடுக்கிற ஊசி, அக்கா தங்கை மாற்றி மாற்றிப் போடும் கம்மல், மூக்குத்தி. இவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாசிட்டிவ் உள்ளவருக்கு மட்டும் தனி என்று வைக்காதீர்கள். எல்லோருக்கும் தனி என்று வையுங்கள். நிறம் பிரித்துக்கொண்டால் குழந்தைகளும் கடைப்பிடிப்பார்கள், யாருக்கும் ஒதுக்கி வைத்த மாதிரி இருக்காது.

டூத் பிரஷ் எதற்கு என்று கேட்பார்கள். ஈறில் ரத்தம் கசியாத ஆள் குறைவு. பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் தெரியும் அந்த மெல்லிய சிவப்புக்காகத்தான். ஒரே பெட்டியில் பிரஷ் தலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க வேண்டாம்.

சுகர் பார்க்கும் மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இப்போது தெருவுக்குப் பத்து வீட்டில் இருக்கிறது. விரலில் குத்தும் பேனாவில் ஊசியை மாற்றினாலும் பேனாவின் வாயில் ரத்தம் படும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இந்தப் பேனாவைப் பகிர்ந்ததால் ஹெபடைட்டிஸ் பி கொத்தாகப் பரவிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பேனா ஒருவருக்கு ஒன்று. சொந்தக்காரர் வந்து “எனக்கும் ஒரு தடவை பாரு” என்றால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள், அல்லது ஒருமுறை குத்தித் தூக்கிப்போடும் லான்செட்டை வைத்துப் பாருங்கள்.

ரத்தம் சிந்தினால்: கையுறை அல்லது பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பழைய நியூஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். சானிடரி நாப்கினைப் பேப்பரில் சுற்றி மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். காயத்துக்கு எப்போதும் பிளாஸ்திரி. இவ்வளவு போதும். தினமும் வீட்டை டெட்டால் போட்டுக் கழுவ வேண்டியதில்லை.

6. கணவன், மனைவி

உடலுறவில் பரவும். ஆணிலிருந்து பெண்ணுக்கு, பெண்ணிலிருந்து ஆணுக்கு, ஆண்களுக்குள் என எல்லா வகையிலும். மற்றவருக்கு மூன்று ஊசியும் முடிந்து, அளவு 10-க்கு மேல் என்று கையில் ரிப்போர்ட் வரும்வரை ஆணுறை போட வேண்டும். வந்த பிறகு அந்தப் பயம் தேவையில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம். வரப்போகும் துணைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் ஊசி போட்டுக்கொள்ள ஆறு மாதம் கொடுப்பது நேர்மையான காரியம். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையிலேயே இதை முடித்த ஜோடிகள் எங்கள் லேபுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “கீழாநெல்லி குடிச்சேன், மஞ்சள் எறங்கிடுச்சு, சரியாப்போச்சு” என்று சொல்லி ஆணுறையையும் டெஸ்ட்டையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கீழாநெல்லியை யாரும் ஆராயாமல் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டே, ஹெபடைட்டிஸ் பி கேரியர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1988-இல் ‘லான்செட்’ என்கிற மருத்துவ இதழில் வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு வைரஸ் போய்விட்டதாக முடிவு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண்ணில் மஞ்சள் குறைவது வேறு, ரத்தத்தில் வைரஸ் இல்லாமல் போவது வேறு. ஹெச்.பி.எஸ்.ஏஜி நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வரும்வரை பரவும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

7. கர்ப்பிணிக்கு பாசிட்டிவ் வந்தால்

இந்த ஒரு படியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். உலகில் நாட்பட்ட தொற்றின் பெரும் பங்கு தாயிடமிருந்து குழந்தைக்கும் சிறுவயதிலும் போனது. போகும் நேரம் பெரும்பாலும் பிரசவ நேரம். தாயின் ரத்தமும் திரவமும் குழந்தையின் கண், வாய், தோலில் படும் அந்தச் சில மணி நேரம். எதுவும் செய்யாமல் விட்டால், ஹெச்.பி.இ.ஏஜி-யும் பாசிட்டிவாக உள்ள தாயிடமிருந்து நூற்றில் 70 முதல் 90 குழந்தைகளுக்குப் போகும்.

முதல் செக்கப்பிலேயே ஹெச்.பி.எஸ்.ஏஜி பாருங்கள். எல்லாக் கர்ப்பத்திலும், முந்தைய குழந்தைக்குப் பார்த்திருந்தாலும்கூட. பாசிட்டிவ் என்றால் உடனே வைரல் லோடு பார்க்கச் சொல்லுங்கள். 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஏழாம் மாதம் தொடங்கும் சமயத்தில், அதாவது 28-ஆவது வாரத்திலிருந்து, வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். தினம் ஒன்று. குழந்தைக்குப் பாதகம் இல்லாதது. அரசின் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பிரசவம் எங்கே என்று முடிவானதும் அங்கே நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். பிறந்தவுடன் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இருக்குமா? எதிர்ப்புப் பொருளை நேரடியாக உடம்புக்குத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி கிடைக்குமா? இரண்டாவது விலை கூடுதலானது, எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை பிறந்த பிறகு அப்பா மெடிக்கல் மெடிக்கலாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். முன்பே ஏற்பாடு செய்து வைத்துவிடுங்கள். குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் இரண்டையும் இரு தொடையிலும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

தாய்க்கு நெகட்டிவாக இருந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் பி.சி.ஜி., போலியோ சொட்டோடு இந்தத் தடுப்பூசியும் 24 மணி நேரத்துக்குள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, எடை குறைவு, “டிஸ்சார்ஜ் அன்னைக்குப் போட்டுக்கலாம்” என்று யாராவது தள்ளிப்போட்டால் விடாமல் கேளுங்கள். அப்புறம் நம் தாய்மார்கள் 45-ஆம் நாள், 75-ஆம் நாள், 105-ஆம் நாள் ஊசி என்று சொல்கிறார்களே, ஐந்து நோய்களைத் தடுக்கும் அந்த பென்டாவலன்ட் ஊசிக்குள்ளும் ஹெபடைட்டிஸ் பி மருந்து இருக்கிறது. இந்தியாவில் பென்டாவலன்ட் முதலில் அறிமுகமானது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். பாசிட்டிவ் தாயின் குழந்தை இந்த ஊசிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது. 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி-யும் ஆன்ட்டி ஹெச்.பி.எஸ்.-ஸும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால் அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வைரஸுக்குப் பயந்து சிசேரியன் செய்யத் தேவையில்லை.

தைவானில் ஒரு காலத்தில் பத்துக் குழந்தைக்கு ஒன்று கேரியராக இருந்தது. 1984-இல் பிறந்தவுடன் ஊசி போடத் தொடங்கினார்கள். இருபது ஆண்டில் அது நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுக்கு இறங்கியது. குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் கூடவே குறைந்தது.

8. வீட்டுக்கு வெளியே

சலூனில் பிளேடைப் புதிதாக உடைத்துப் போடுவதைக் கண்ணால் பாருங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போடும்போது கூட்டத்தில் இதை விட்டுவிடுவோம். குழந்தையின் தலை, பதறி அசையும், கீறல் விழாமல் இருக்காது. ஒரு பிளேடு பாக்கெட்டைக் கையோடு வாங்கிப் போய்க் கொடுத்துவிடுங்கள். காது குத்தும்போதும் புதுக் கம்பியாக இருக்க வேண்டும். திருவிழாக் கடையில் பச்சை குத்தினால் ஊசியும் மாறாது, மையும் மாறாது, வேண்டாம்.

ஊசி போடுகிற இடத்தில் சிரிஞ்சை உங்கள் முன்னால் பாக்கெட்டிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். 2009-இல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையும் ஊசியையும் மறுபடி பயன்படுத்தியதே காரணம் என்று தெரியவந்தது. மாத்திரையில் போகிற காய்ச்சலுக்கு “ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்” என்று நாமாகக் கேட்காமல் இருப்பது நல்லது. ரத்தம் ஏற்ற நேர்ந்தால் உரிமம் உள்ள ரத்த வங்கியிலிருந்து மட்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா பார்ப்பது கட்டாயம்.

9. ஊசி குத்திவிட்டால்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது என் இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மெல்லப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நிலையத்தில் யாரும் எனக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டதே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார்கள். மறுநாள் காலையில், பக்கத்து மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு சிஸ்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நூற்றில் 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். எச்.ஐ.வி.க்கு இதே கணக்கு ஆயிரத்தில் மூன்று. துப்புரவுப் பணியாளர், குப்பை பிரிப்பவர், வீட்டில் இன்சுலின் ஊசி தூக்கிப் போடுகிறவரின் பேரன், யாருக்கும் இது நடக்கலாம்.

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். அது யாருடைய ஊசி, அவருக்கு என்ன ரிசல்ட் என்று தெரிந்தால் குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே தடுப்பூசி போட்டு அளவு 10-க்கு மேல் இருந்தவர் என்றால் இந்த வைரஸுக்காக எதுவும் தேவையில்லை. போடாதவருக்கு இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியின் முதல் டோஸும் 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. ஏழு நாளுக்கு மேல் போனால் பலன் இருக்காது. பாதுகாப்பில்லாத உடலுறவாக இருந்தால் 14 நாள் வரை அவகாசம் உண்டு, அதிலும் சீக்கிரம் போவதே நல்லது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டுக்கும் என்ன செய்ய வேண்டும் என்றும் அப்போதே கேளுங்கள்.

குத்திய அன்று ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். வைரஸ் வெளியே தெரிய ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதால் ஆறாவது மாதம் ஹெச்.பி.எஸ்.ஏஜி-யும் ஆன்ட்டி ஹெச்.பி.சி.யும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ரத்ததானம் செய்யாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது ஊசித் தேதிகளையும் ஆறாம் மாத டெஸ்ட் தேதியையும் அன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஆறாம் மாதம் என் கார்டை சக ஊழியர் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்; ‘சி’க்கு நேரே மட்டும்தான் கோடு இருந்தது. அதிலிருந்து ஊசிக்கு மூடி போடுவதில்லை, கழற்றிய கையோடு வெள்ளை டப்பாவுக்குள் போட்டுவிடுகிறேன். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை அதற்கென்றே வைத்து, நிறைந்ததும் மூடி, வாங்கிய மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள்.